ஈரத்துணி

அக்டோபர் 14, திங்கள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்றுதான் கடை திறந்தேன். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னுக்கு வைத்த சந்தனம் சூட்டில் கருகி, கடை முழுக்கக் கோயில் வாசனை. முதல் ஆளாக அய்யலுசாமி வந்தார். லோடு ஆட்டோ வைத்திருக்கிறவர், இரண்டு தெரு தள்ளி வீடு.

"டிவில சத்தம் வருது, படம் வரல அண்ணாச்சி" என்றார்.

பேக்லைட் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற எல்இடி பட்டையில் ஒரு பல்பு போயிருக்கும், அதோடு மொத்தமும் அணைந்துவிடும். கோவில்பட்டியில் இதை டிவியைப் பார்க்காமலே சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான். எத்தனை அங்குலம் என்று கேட்டேன். எழுபத்தைந்து என்றார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். இதுவரை நான் கழற்றியதில் பெரியது நாற்பத்து மூன்று. அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

அக்டோபர் 15, செவ்வாய்

அய்யலுசாமி வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவர் மனைவி ராமுத்தாய் பெரிய டார்ச் ஒன்றை டிவி திரையில் ஒட்டிப் பிடித்தபடி நின்றாள். மகள் சுபிதா திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேக்லைட் போனாலும் படம் திரையில் இருக்கத்தான் செய்யும்; டார்ச் விழுந்த வட்டத்தில் மங்கலாக உள்ளங்கை அகல எழுத்துகள் தெரிந்தன. அதை அந்தப் பெண் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கை ஆடுது."

"வலிக்குதுடி. செத்த பொறு, கை மாத்திக்கிறேன்."

சுபிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணில் நடுப்பார்வை கிடையாது. ஓரத்தில் தெரியும், நடக்கச் சிரமமில்லை, ஆனால் நேராகப் பார்க்கிற இடத்தில் அழுக்குத் தண்ணீர் மாதிரி கலங்கலாகத்தான் தெரியுமாம். எழுத்து அத்தனை பெரிதாக இருந்தால்தான் பிடிபடும். அதற்காகத்தான் இந்த டிவி. லேப்டாப்பை இதில் மாட்டி வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நவம்பர் கடைசியில் பரீட்சை. அங்கே எழுதித் தர ஆள் கொடுப்பார்கள், ஆனால் பாடத்தை அவளேதான் படித்தாக வேண்டும்.

"சினிமா பாக்குறதுக்குன்னு நெனச்சிட்டீங்களா மாமா? வீட்ல சீரியலே கெடையாது. அம்மாவுக்கு இது பெரிய தண்டனை" என்றாள் சுபிதா. வாய்த் துடுக்கு.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். கூடப் பிடிக்க இரண்டு ஆள் வரச்சொல்லட்டுமா என்று அய்யலுசாமி கேட்டார். "எதுக்கு? கல்யாணப் பந்தலா போடப்போறோம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

மதுரையிலிருந்து பஸ்ஸில் எல்இடி பட்டை வந்து சேர்ந்தது. மழை. சண்முகக்கனி குடையை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்து என் மேல் கோபப்படுகிறாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக இந்த வீட்டில் எது தொலைந்தாலும் நான்தான் பொறுப்பு.

அக்டோபர் 18, வெள்ளி

காலையிலேயே போனேன். கட்டில் மெத்தையைத் தரையில் போட்டு, மேலே சுருக்கமில்லாமல் போர்வை விரித்து, டிவியைக் குப்புறப் படுக்க வைத்தோம். அதுவரை அய்யலுசாமி பிடித்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும், பவர் போர்டில் தேங்கியிருக்கிற கரண்ட் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அந்த இடைவெளியில் காப்பி குடித்தேன். பின் மூடியைக் கழற்றி, ஒயர் எது எங்கே என்று போட்டோ எடுத்துக்கொண்டு, போர்டுகளைப் பிரித்தேன். மறுபடி நிமிர்த்திப் போட்டு, முன்பக்கச் சட்டத்தை எடுத்தேன். அடியில் கண்ணாடி; அதைத் தூக்கினால்தான் எல்இடி பட்டைக்குப் போக முடியும். கண்ணாடியின் கீழ்விளிம்பில் காகிதம் மாதிரி மெல்லிய பட்டைகள், அவற்றின் முனையில் சின்னச் சின்ன போர்டுகள். அதையெல்லாம் தொட்டால் சிணுங்கியைத் தொடுகிற மாதிரிதான் தொட வேண்டும்.

அய்யலுசாமி போனில் ஏதோ வீடியோவை ஓடவிட்டு, "இவன் நாலு பேர வச்சுத் தூக்குறானே அண்ணாச்சி" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "அப்ப அவனையே கூப்பிடுங்க" என்றேன். சுபிதா, "நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் மாமா" என்று வந்தாள். "கண்ணு தெரியாத புள்ள, நீ தள்ளி நில்லு" என்றேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வேலை செய்கிற இடத்தில் ஆள் நின்றால் எனக்கு ஆகாது.

எல்இடி பட்டையெல்லாம் மாற்றியாயிற்று. திரும்ப மூட்டி, கதவைத் திறந்து, அய்யலுசாமியோடு சேர்ந்து சுவரில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. சுபிதா கைதட்டினாள். அப்புறம் கோடுகள் வந்தன. பச்சை, ஊதா, மேலிருந்து கீழாக. மேல் மூலையிலிருந்து மை கொட்டின மாதிரி கருப்பு படர்ந்தது. பேனல், அதாவது அந்தக் கண்ணாடித் திரை, போய்விட்டது. பெரிய டிவிகளில் இப்படி ஆவது உண்டு.

அவர்கள் மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். "ஆயுத பூஜைக்கு டிவியத் தொடச்சீங்களா?" என்று கேட்டேன்.

"தொடச்சேன் அண்ணாச்சி. தொடச்சு, சந்தனப் பொட்டு வச்சேன்" என்றாள் ராமுத்தாய். "ஆனா துணிய நல்லாப் பிழிஞ்சிட்டுத்தான் தொடச்சேன்."

"ஈரத்துணிதானே?" என்றேன்.

அவ்வளவுதான் கேட்டேன். மிச்சத்தை அய்யலுசாமி பார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 19, சனி

நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். ஈரத்துணியால் துடைத்துப் போன பேனல்கள் எத்தனையோ என் கடைக்கு வந்திருக்கின்றன. தண்ணீர் கீழே இறங்கி அந்த மெல்லிய பட்டைகளை அரித்துவிடும். பூஜை என்றால் நம் ஆட்கள் எதையும் விட மாட்டார்கள். மிக்சியைக் கழுவி, ஃப்ரிட்ஜைக் கழுவி, சுவிட்ச் பாக்ஸுக்குக்கூடக் குங்குமம் வைப்பார்கள். மூன்று நாளில் டிவி கெட்டால் வேறு என்ன நினைப்பது?

கடைக்கு இன்று ஒருவரும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 21, திங்கள்

சண்முகக்கனி ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தாள். சர்க்கரையோடு சேதியும் கொண்டுவந்தாள்.

"ராமுத்தாயக்கா வரிசைல நிக்கையிலயே அழுதுட்டாக. அண்ணன் நாலு பேரு முன்னால, 'பெத்த புள்ள கண்ணப் புடுங்கினவ'ன்னு கேட்டுட்டாராம். 'கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சோ என்னவோ தெரியல'ன்னு சொல்லிச் சொல்லி மருகுறாக. ஏங்க, ஒரு ஈரத்துணிக்கா அம்மாம்பெரிய டிவி போவும்?"

"போகும்" என்றேன்.

"அப்ப நம்ம வீட்டு டிவிய நான் வருசா வருசம் தொடைக்கேனே?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். வாளி நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

சுபிதா கடைக்கு வந்தாள். தனியாக. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

போனில் படித்துப் பார்க்கிறாளாம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு சொல்தான் திரையில் நிற்கிறது. "காதால கேட்டும் படிக்கிறேன் மாமா. கதைன்னா கேக்கலாம். அட்டவணையக் காதால கேட்டுப் பாருங்களேன். ஏழாவது எண்ணு வரும்போது மூணாவது மறந்துருது." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "தண்ணி கீழதான மாமா எறங்கும்? கருப்பு மேல மூலைலருந்துல்ல பரவுச்சு? அது என் ஓரக்கண்ணுக்கே தெரிஞ்சுது."

"உள்ள அழுத்தம் மாறும் பாப்பா. ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன்.

என்ன அழுத்தம், எங்கே மாறும்? எனக்கே தெரியாது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பிறகு ஒரு ரிமோட்டைப் பிரித்து வைத்துவிட்டு, எதற்குப் பிரித்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 26, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

கண்ணாடியை நாலு பக்கமும் ஒரே மட்டமாகத் தூக்க வேண்டும். நாற்பத்து மூன்றுக்கு என் இரண்டு கை போதும். இதற்குப் போதாது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வெளியே நிற்கிறவர்களைக் கூப்பிட வாய் வரவில்லை. இப்போதுதானே விரட்டினேன். உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கப் இரண்டை இடதுபக்க மேல் மூலையில் ஒட்டி, அந்த மூலையை மட்டும் முதலில் தூக்கினேன். எதிர்ப்பக்கம் அடியில் இருந்த பசையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நறுக் என்று ஒரு சத்தம். வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற சத்தம்தான் இருக்கும். மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். சட்டத்தை மாட்டினால் மறைந்துவிடும். மாட்டினேன்.

நான் தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண் டார்ச் வெளிச்சத்திலாவது படித்துக்கொண்டிருந்தாள். அதையும் நான்தான் கெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில், ஒரு பொம்பளையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அந்தச் சோறுதான் இன்னும் ஜீரணமாகவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ராமுத்தாய் அதிரசம் கொடுத்து அனுப்பியிருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2, சனி

ஒரு வாரமாக எல்லா ஊர் மெக்கானிக்குகளுக்கும் போன் போட்டதில் இன்று பலன் கிடைத்தது. சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதே டிவி, அதே மாடல். இடி விழுந்து போர்டும் பேக்லைட்டும் கருகிவிட்டன, கண்ணாடி மட்டும் தப்பித்திருக்கிறது. தூக்கிப் போடத்தான் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கண்ணாடியை மாற்றி ஓடவைத்துவிட்டால் போதும். டிவி ஓடினால் யார் கெடுத்தது என்ற பேச்சே இருக்காது. எல்லாம் தானாக மறந்துபோகும். இரண்டு வாரத்தில் இன்றைக்குத்தான் பசித்தது.

நவம்பர் 4, திங்கள்

அய்யலுசாமியின் லோடு ஆட்டோவிலேயே சாத்தூர் போனோம். பெரிய டிவியைப் படுக்கப் போட்டுக் கொண்டுவரக் கூடாது, ரோட்டுக் குலுக்கலில் நடுவில் விண்டுவிடும். இரண்டு மெத்தைக்கு நடுவில் நிமிர்த்தி நிறுத்தி, கயிறு கட்டினோம். நான் பின்னால் நின்று பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை, கயிறே பிடிக்கும் என்று முன்னால் உட்கார வைத்துவிட்டார். வழி நெடுக என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

"சொந்த அண்ணன் தம்பிகூட இப்படி அலைய மாட்டான். அவ செஞ்ச காரியத்துக்கு நீங்க அலையிறீங்க."

"விடுங்க. தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

"சொல்லாம? இப்ப சஷ்டி விரதம் இருக்கா. ஆறு நாளும் பாலும் பழமும்தான். புள்ளைக்குச் செஞ்ச பாவம் தீரணுமாம். இருக்கட்டும், அப்பவாவது புத்தி வரட்டும்."

வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. குதிக்கவில்லை. சாத்தூர் டீ நன்றாக இருந்தது என்று வேறு பேச்சை எடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

இந்த முறை நானாகவே ஆள் கேட்டேன். அய்யலுசாமி, சுபிதா, சண்முகக்கனி, நான். மூலைக்கு ஒருத்தர். ராமுத்தாய் வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். உள்ளே வந்து மெத்தையை நகர்த்து என்று அய்யலுசாமி சொன்னதற்கு, "நான் தொடல. எங் கை ராசி சரியில்ல" என்றாள். முகம் பாதியாகிவிட்டது.

முதலில் பழைய கண்ணாடியை எடுக்க வேண்டும். மெதுவாகத் தூக்கச் சொன்னேன். கொஞ்சம் எழும்பியதும் சுபிதா, "நிறுத்துங்க. எங் கையில வளையுது. எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள். பார்த்தேன். அதே எதிர்ப்பக்கப் பசைதான். பிளாஸ்டிக் தகடை உள்ளே விட்டு மெல்ல அறுத்துவிட்டேன். பூப்போல வந்தது. இவ்வளவுதான் வேலை. அன்றைக்கு இவளை நிற்கவைத்திருந்தால் இத்தனையும் இல்லை.

கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்தார்கள். மற்ற இருவரும் சாத்தூர் டிவியை நகர்த்தப் போனார்கள். சுபிதா மட்டும் கண்ணாடியை விடவில்லை. அவள் விரல் மேல் மூலையில் போய் நின்றது. ஒரு தடவை தடவினாள், மறு தடவை தடவினாள்.

"இது என்ன மாமா?"

நான் திருகாணிகளை எண்ண ஆரம்பித்தேன்.

"தண்ணியா?" என்றாள்.

கையிலிருந்து நழுவிய திருகாணி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன். தலைக்கு மேலே அவள் குரல் மெதுவாக, வாசலுக்குக் கேட்காமல் வந்தது: "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். எங்கம்மாட்டயும் அப்பாட்டயும், ரெண்டு பேரு இருக்கும்போது."

மாலையில் டிவி ஓடியது. ஒரு கோடு இல்லை. அய்யலுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். சுபிதா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டாள், என் பக்கம் திரும்பவில்லை. பழைய கண்ணாடியைக் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன். குப்பைதானே, நான் போட்டுவிடுகிறேன் என்றேன்.

நவம்பர் 6, புதன்

விரதத்தில் இருக்கிறவளிடம் போய் எப்படிச் சொல்வது? சூரசம்ஹாரம் முடியட்டும்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். கோயில் பக்கம் போகவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

சாயங்காலம் போனேன். அய்யலுசாமி வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். சுபிதா டிவி முன்னால். ராமுத்தாய் விரதம் முடித்து, தலை குளித்து, பல நாளுக்குப் பிறகு சிரித்த முகமாக வந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே, அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"தங்கச்சி, டிவியக் கெடுத்தது நீ இல்ல. நான்தான். அன்னைக்குக் கண்ணாடியத் தூக்கையில மூல விண்டுருச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு உங்கிட்டத் துணியப் பத்திக் கேட்டேன்."

வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ராமுத்தாய் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டு வாங்கத்தான் போயிருந்தேன்.

"இந்த மனசு யாருக்கு அண்ணாச்சி வரும்?" என்றாள். "இவரு என்னையப் பேசுறது பொறுக்காமத்தான இப்படிச் சொல்றீங்க?"

"இல்ல தாயி. நெசமாத்தான்."

"தொடச்சவ நானு. எனக்குத் தெரியாதா? துணி சொட்டச் சொட்ட இருந்துச்சு. தரையெல்லாம் தண்ணி கெடந்துச்சு, நான்தான் மாப்பு போட்டேன். கண்ணுக்குள்ளயே நிக்குது."

"பிழிஞ்சிட்டுத் தொடச்சேன்னு நீதானே அன்னைக்குச் சொன்ன?"

"பயத்துல பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றாள் ராமுத்தாய். "முருகன்ட்டயும் ஒத்துக்கிட்டேன்."

சுபிதா எழுந்து வந்தாள். "அம்மா, அவரு சொல்றது உண்மைம்மா. நான் விரிசலத் தொட்டுப் பாத்தேன்."

"நீயும் சேந்துக்கிட்டியா?" என்று மகளின் கன்னத்தைத் தடவினாள் ராமுத்தாய். "எல்லாரும் எனக்காகத்தான் பேசுறீங்க. தெரியுது."

அய்யலுசாமி உள்ளே வரவில்லை. கையில் குழாயைப் பிடித்தபடி தரையைப் பார்த்து, "விடுங்க அண்ணாச்சி. டிவிதான் ஓடுதுல்ல" என்றார். அவர் என்னை நம்பிவிட்டார். அதனால்தான் பேச்சை முடிக்கப் பார்த்தார். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு அவர் இப்போது மனைவியிடம் என்ன சொல்வார்? குழாயைத் திறந்துவிட்டு மறுபடியும் கழுவ ஆரம்பித்தார், கழுவின இடத்தையே.

ராமுத்தாய் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். விபூதி. நேற்று என் பேருக்கு அர்ச்சனை செய்தாளாம். நட்சத்திரம் தெரியாததால் முருகன் நட்சத்திரத்தையே சொன்னாளாம். பூசிக்கச் சொன்னாள். அவள் பார்த்துக்கொண்டே நிற்கும்போது பூசாமல் இருக்க முடியவில்லை.

நவம்பர் 9, சனி

கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று நினைத்தேன். முழுக் கண்ணாடியைத் தனியாளாகத் தூக்கிப் போக முடியாது. விரிசல் விட்ட மூலையை மட்டும் கண்ணாடி வெட்டுகிற கட்டரால் அறுத்து எடுத்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு காலையிலேயே போனேன். அய்யலுசாமி லோடு ஏற்றப் போய்விட்டாராம். நல்ல வேளை என்று தோன்றியது, தோன்றியதற்கும் வெட்கப்பட்டேன்.

ராமுத்தாய் முன்னால் பேப்பரைப் பிரித்து வைத்தேன். விரிசலைக் காட்டினேன். எங்கே கப்பை ஒட்டினேன், எப்படி இழுத்தேன், சத்தம் எப்படிக் கேட்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்தத் துண்டைக் கையில் எடுத்து, வெட்டிய விளிம்பையும் விரிசலையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கட்டைவிரலில் கட்டர் கிழித்திருந்த இடத்தையும் பார்த்தாள்.

"எனக்காக இதையும் போயி ஒடைச்சிட்டு வந்தீங்களா அண்ணாச்சி?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காயத்துக்கு மஞ்சள் எடுத்துவர உள்ளே போனாள்.